மூக்கு மெலிசா இருக்கணும்

பெனிட்டாவின் காது மிகச் சிறியது.
ராயப்பேட்டையில் ஒரு டாக்டர்
டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னார்:
"துவாரம் குறுகல், அவ்வளவுதான். வியாதி இல்லை."
வியாதி இல்லாததற்கு ஐந்நூறு ரூபாய்.

கடையில் விற்கும் எதுவும் அவளுக்கு நிற்காது.
அழுத்தினால் வலி, விட்டால் விழும்.
ஒன்று கிண்டி ஸ்டேஷன் தண்டவாளத்தில்,
ஒன்று மெஸ் ரசத்தில்.
ஒவ்வொரு டப்பாவிலும் கூடவே வரும்
பெரிய ரப்பர்கள் மட்டும்
ஊறுகாய் பாட்டிலில் சேர்ந்துகொண்டே போயின.

அதனால் ஸ்பீக்கரில் போடுவாள்.
ராத்திரி பத்திலிருந்து ஆறு வரை
சைதாப்பேட்டை மாடி அறையில்
ஒரு அமெரிக்க டாக்டர் எதையோ மென்றபடி பேசுவார்,
இவள் டைப் அடிப்பாள்,
நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பேன்.

இடது முழங்கால். வீக்கம். வயது அறுபத்திரண்டு.
தனியாக இருக்கிறார். ஒரு நாய்.
படி இறங்க முடியவில்லை.

வாரம் ஒருமுறை வருவார் அந்த முழங்கால்காரர்.
பாண்டி பஜாரில் மறுநாள் நான்
இரண்டு மீட்டர் லைனிங் துணிக்கு
அறுபத்திரண்டு மீட்டர் பில் போட்டேன்.

அன்பெல்லாம் இல்லை. தூக்கம் வேண்டும்.
சம்பளம் வந்த சனிக்கிழமை
அவளை இழுத்துக்கொண்டு
அரசினர் தோட்டத்தில் இறங்கி
ரிச்சி தெருவுக்குள் நுழைந்தேன்.

முதல் மூன்று கடையிலும் ஒரே பதில்:
"காதுல போட்டா வாங்கிடணும்."
நாலாவது கடை, படிக்கட்டுக்கு அடியில்.
இம்தியாஸ் என்று பெயர்.
ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்திருந்தார்.
திருகாணிக்கு அளவு பார்ப்பவர்போல
அவள் காதைப் பார்த்தார்,
வலது, அப்புறம் இடது, திரும்பவும் வலது.

"பேஸ் எல்லாம் அப்புறம் பாக்கலாம்.
மூக்கு மெலிசா இருக்கணும்.
ரப்பரை மாத்தலாம், மூக்கை மாத்த முடியாதுல்ல?"

காதுக்குப் போகிற சாமானுக்கும்
மூக்கு உண்டென்று அன்றுதான் தெரியும்.

கிள்ளிச் சுருக்கி வைக்கிற ஸ்பாஞ்சு ஒன்று தந்தார்.
உள்ளே போனதும் அது ஊத
பெனிட்டாவின் கண்ணில் நீர்.
"எடுங்க எடுங்க, இது உங்களுக்கு இல்ல."
மேசைக்கு அடியில் குனிந்து
எட்டு இழுப்பறை திறந்தார்.
இரண்டு எக்ஸ் போட்ட எஸ்,
பாசிமணி அளவு.
வலதுக்கு அதைவிட ஒரு சுற்று பெரிசு.
"ரெண்டு காதும் ஒண்ணுன்னு யாரு சொன்னா?"

வாயைத் திற, காதைப் பின்னால் இழு, திருகி விடு.
ஒயரைக் காதுக்கு மேலே சுற்று.
பிறகு பையனை அனுப்பிச் சமோசா வாங்கி வரச்சொன்னார்:
"மெல்லுங்க. மெல்லும்போதுதான் கழண்டுக்கும்."
தெருவிலே நின்று அவள் மென்றாள்,
இரண்டு தடவை குதித்தும் பார்த்தாள்.
லோடு ஆட்டோக்காரர் ஒருவர் ஹாரன் அடித்தார்.
அவளுக்குக் கேட்கவில்லை.
எண்ணூற்றைம்பது. எழுநூற்றெண்பதுக்கு முடிந்தது,
சமோசா அவர் கணக்கு.

"டாக்டர் மூச்சு விடுறதுகூட கேக்குதுடி,"
என்றாள் அன்றிரவு, தேவைக்கு மேல் சத்தமாக.
பிறகு ஒன்றும் இல்லை.
கீபோர்டு. ஃபேன்.
கடைசி ரயில் அடையாற்றுப் பாலம் தாண்டும் தடதடப்பு.
எட்டு மாதம் நான் கேட்டுக் கேட்டுச் சலித்த அமைதி.

இரண்டு மணி வரை தூக்கம் வரவில்லை.
இந்த வாரம் ஆபரேஷன் என்றிருந்தார்கள்.
நாயை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது
போன வாரம் முடிவாகவில்லை.

"அந்த முழங்கால் என்னடி ஆச்சு?"
மெதுவாகக் கேட்டேன். சத்தமாகவும் கேட்டேன்.
தோளைத் தொட்டுக் கேட்கலாம்.
வெளியே சொல்ல மாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறாள்,
நான் தூங்குவதாக இத்தனை நாள் நம்பியும் இருக்கிறாள்.

திரை வெளிச்சத்தில் அவள் உதடு அசைந்தது,
அடிக்கும்போது முணுமுணுப்பாள்.
டாக் என்பதுபோல இருந்தது.
டாக்டர் என்றும் இருக்கலாம்.